தெரு லைட் எரியலைன்னா யாருக்கு மனு? பீங்கான் ஊர் விருத்தாசலத்தின் அன்றாடமும் அரசியலும்

விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. இங்கே சாமிக்கு அர்ச்சனை மட்டும் இல்லை, மனுவும் உண்டு. ஊர் வழக்கில் அதற்குப் பெயர் 'பிராது கட்டுறது'. கொடுத்த கடன் திரும்பவில்லை, நகை திருடு போய்விட்டது, பங்காளித் தகராறு, புருஷன் குடிக்கிறான்... எதுவானாலும் பெயர், ஊர், குறை என்ன என்று ஒரு தாளில் எழுத வேண்டும். கோயிலில் அதற்கென்று கட்டணம் உண்டு. அதோடு மனுதாரர் ஊர் எத்தனை கிலோமீட்டர் தூரமோ அதற்கு ஏற்ற மாதிரி ஒரு சின்னத் தொகையும் கட்ட வேண்டும். சாமிக்கு வழிச்செலவு என்று வைத்துக்கொள்ளலாம்!

பிறகு அந்தத் தாளைச் சுருட்டி முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வந்துவிடலாம். மூன்று நாள், மூன்று வாரம், மிஞ்சிப்போனால் மூன்று மாதத்துக்குள் தீர்ந்துவிடும் என்பது நம்பிக்கை. தீர்ந்த பிறகு சும்மா இருக்கக் கூடாது. திரும்ப வந்து 'ராஜினாமா' எழுதிக் கொடுக்க வேண்டும். அதாவது வழக்கு வாபஸ்.

எங்கே கொடுக்க வேண்டும், எவ்வளவு கட்ட வேண்டும், எத்தனை நாளில் பதில் என்று எல்லாமே தெளிவாக இருக்கிற மனு முறை இது. ஆனா அதே ஊரில் தெரு லைட் எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, மெயின் ரோட்டில் பள்ளம் என்றால்? அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. கவுன்சிலர், சேர்மன், கமிஷனர், எம்.எல்.ஏ, தாசில்தார், கலெக்டர் என்று ஆறு பேர் இருக்கிறார்கள். யார் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது, யார் கையில் பணம் இருக்கிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை. பெரிய நகரங்களைப் பற்றிப் பேசியே பழகிவிட்டதால், இப்படி ஒரு நடுத்தர ஊர் எப்படி நடக்கிறது என்று யாரும் விளக்குவதும் இல்லை.

விருத்தாசலம் எப்படிப்பட்ட ஊர்?

கடலூர் மாவட்டத்தில், மணிமுத்தாற்றின் கரையில் இருக்கிற நகராட்சி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 73,585 பேர். பழைய பெயர் திருமுதுகுன்றம், பழமலை. விருத்தம் என்றால் முதுமை, அசலம் என்றால் மலை. அப்படியே மொழிபெயர்த்து வைத்துவிட்டார்கள்! மலையைத் தேடினால் கண்ணில் படாது. கண்ணில் படுவது பழமலைநாதர் கோயிலின் கோபுரங்கள்தான்.

ரயிலில் போகிறவர்களுக்கு இது ஒரு ஜங்ஷன். சென்னை - திருச்சி கார்டு லைனில் வைகையும் பல்லவனும் நின்று போகிற இடம். இங்கிருந்து சேலத்துக்கு ஒரு பாதை, கடலூருக்கு ஒரு பாதை. நாலு பக்கமும் தண்டவாளம் பிரிகிற ஊர்.

சுற்றுவட்டார விவசாயிகளுக்கு இது மார்க்கெட் ஊர். அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல்லும் மணிலாவும் உளுந்தும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். (இந்தப் பக்கம் நிலக்கடலைக்கு மணிலா, மல்லாட்டை என்றுதான் பெயர்.) வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் இங்கேதான். நிலக்கடலையிலும் முந்திரியிலும் 'வி.ஆர்.ஐ' என்று தொடங்கும் ரகங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மூன்று எழுத்து விருத்தாசலம்.

படிக்கிறவர்களுக்கு இமையத்தின் ஊர். 2020-க்கான சாகித்ய அகாடமி விருதை 'செல்லாத பணம்' நாவலுக்காக வாங்கியவர். 'நடுநாட்டுச் சொல்லகராதி' தொகுத்த கண்மணி குணசேகரனும் இந்த மண்ணின் எழுத்தாளர்தான்.

இத்தனையையும் தாண்டி வெளியூரில் ஒட்டிக்கொண்ட அடையாளம் பீங்கான்.

பீங்கான் இங்கே வந்தது எப்படி?

காரணம் மண்தான். பக்கத்திலேயே நெய்வேலி. 1956-இல் தொடங்கப்பட்ட என்.எல்.சி நிறுவனம் பழுப்பு நிலக்கரியை எடுக்க வேண்டுமென்றால் முதலில் அதன் மேலே இருக்கிற மண்ணை அகற்ற வேண்டும். அந்த மண் அடுக்குகளில் வெள்ளைக் களிமண்ணும் உண்டு. ஒரு தொழிலுக்குக் கழிவு, இன்னொரு தொழிலுக்கு மூலப்பொருள். இதை நம்பித்தான் விருத்தாசலத்தில் அரசு செராமிக் தொழிற்பேட்டை அமைந்தது. செராமிக் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ படிக்கிற கல்வி நிறுவனமும் ஊரிலேயே வந்தது.

பீங்கானுக்குக் களிமண் மட்டும் போதாது. களிமண் வடிவத்தைக் கொடுக்கும். குவார்ட்ஸ் என்கிற வெள்ளைக்கல் உடலுக்கு எலும்பு மாதிரி. ஃபெல்ட்ஸ்பார் சூட்டில் உருகி மற்ற இரண்டையும் பிணைக்கும். மூன்றையும் அரைத்து, தண்ணீர் சேர்த்துக் கூழாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, ஓரத்தில் மண் ஒட்டித் தோல் மாதிரி கெட்டியாகும். மிச்சக் கூழை வடித்துவிட்டு, அச்சைப் பிரித்தால் பொம்மையோ கோப்பையோ கிடைக்கும். காயவைத்து, ஓரம் சீவி, கிளேஸ் பூசி, சூளையில் ஏற்ற வேண்டும். சூடு 1,200 டிகிரி செல்சியஸையும் தாண்டும்.

இதில் நடுவில் எங்கே தவறினாலும் நஷ்டம்தான். காய்ச்சல் பத்தவில்லை என்றால் சூளைக்குள் வெடிக்கும். சூடு கூடினால் வளையும். எரிபொருள் விலை ஏறினால் கணக்கே மாறிவிடும். மழைக்காலத்தில் காயவைப்பதே ஒரு போராட்டம்.

இந்தத் தொழிலை ஒரு காலத்தில் தாங்கிப் பிடித்தது அழகுப் பொருள் இல்லை, ஃபியூஸ் கேரியர். பழைய வீடுகளில் மீட்டர் போர்டில் வெள்ளையாக இருக்குமே, கரண்ட் போனால் பிடுங்கிக் கம்பி சுற்றிப் போடுவோமே, அதேதான். பிறகு வீட்டுக்கு வீடு எம்.சி.பி வந்தது. சுவிட்ச் மாதிரி ஒரு பிளாஸ்டிக் பெட்டி. கீழே விழுந்தால் மேலே தள்ளினால் போதும். ஃபியூஸ் கட்டை ஒவ்வொரு வீடாகக் காணாமல் போனது. விருத்தாசலத்தில் யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை, ஆனா சந்தை நகர்ந்துவிட்டது.

இன்னொரு பக்கம் குஜராத்தின் மோர்பி. டைல்ஸ் என்றாலே மோர்பி என்கிற அளவுக்கு அந்த ஊர் வளர்ந்தது. எரிவாயு சூளை, பெரிய முதலீடு, துறைமுகம் பக்கம். சிறு சிறு யூனிட்டுகளாக இருக்கிற தொழிற்பேட்டை அதோடு விலையில் போட்டி போட முடியாது. மிச்சம் இருப்பது கைவேலை தேவைப்படுகிற பொருட்கள்: கார்த்திகைக்கு அகல் விளக்கு, நவராத்திரிக்குப் பொம்மை, மின்சாதனங்களுக்கான சிறு பாகங்கள். தீபம் நெருங்கும்போது விருத்தாசலம் அகல் விளக்கு பற்றி டிவியில் ஒரு செய்தி கட்டாயம் வரும். மற்ற பதினோரு மாதமும் அந்தத் தொழிலாளிகள் என்ன செய்கிறார்கள் என்பது செய்தியாவதில்லை.

இங்கே அரசியல் ரீதியாக கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஊரின் அடையாளமே பீங்கான்தான். ஆனா அந்தப் பீங்கானைப் பற்றி முடிவெடுக்கிற ஒரு நாற்காலிகூட விருத்தாசலத்தில் இல்லை. தொழிற்பேட்டை மாநில அரசின் கீழ். சுரங்கம் மத்திய அரசு நிறுவனத்தின் கீழ். வரி விகிதம் டெல்லியில் கூடுகிற ஜி.எஸ்.டி கவுன்சிலின் கீழ். நகராட்சிக்கு அந்தக் கட்டடங்களுக்கான சொத்து வரியோடு உறவு முடிந்தது.

சரி, நகராட்சி யார் கையில்?

விருத்தாசலம் நகராட்சியில் 33 வார்டுகள். வார்டுக்கு ஒரு கவுன்சிலர். அவரைத்தான் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். சேர்மனை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2011-இல் சேர்மனுக்கும் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். அதற்கு முந்தைய 2006-இல் மறைமுகத் தேர்தல். 2022-இல் மறுபடியும் மறைமுகம். இந்த விதி அடிக்கடி மாறுகிறது. நேரடியாகத் தேர்வான சேர்மன் என்றால் ஊர் முழுக்க ஓட்டுக் கேட்டு வந்தவர், ஊருக்கே பதில் சொல்ல வேண்டும். மறைமுகம் என்றால் 17 கவுன்சிலர்களின் ஆதரவு போதும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்தது. பலர் மறந்தே போயிருப்பார்கள். 2016 அக்டோபரில் தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19. நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் விருத்தாசலம் உட்பட எந்த நகராட்சியிலும் கவுன்சிலர் கிடையாது. தனி அலுவலர்கள் என்ற பெயரில் அதிகாரிகளே நிர்வாகம் செய்தார்கள். ஒரு முழு பதவிக்காலமே காணாமல் போன மாதிரி. அந்தக் காலத்தில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்ட ஒரு ஆள் இல்லை.

2022-இல் வந்தவர்களில் பாதி இடங்கள் பெண்களுக்கு. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் 50 சதவீத இடஒதுக்கீடு சட்டமாகவே இருக்கிறது. நடைமுறையில் சில ஊர்களில் கவுன்சிலர் பெயரில் கணவர் பேசுவதும் நடக்கிறது. நடந்தாலும், மன்றக் கூட்டத்தில் கையெழுத்துப் போடுவதும் கேள்வி கேட்கிற உரிமையும் அந்தப் பெண்ணுக்குத்தான்.

சம்பளம்? சம்பளம் என்று எதுவும் இல்லை, மதிப்பூதியம்தான். அதுவும் 2023 ஜூலையில் இருந்துதான். நகராட்சித் தலைவருக்கு மாதம் 15,000 ரூபாய், துணைத் தலைவருக்கு 10,000, கவுன்சிலருக்கு 5,000.

சிகாகோவில் எப்படி?

ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்காவின் சிகாகோ நல்ல உதாரணம். அங்கேயும் வார்டு அரசியல்தான். 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 27 லட்சத்து 46 ஆயிரம் பேர் வாழ்கிற நகரம், மொத்தம் 50 வார்டுகள். ஒரு வார்டில் ஏறக்குறைய 55,000 பேர். அதாவது சிகாகோவின் ஒரு வார்டே விருத்தாசலத்தில் முக்கால் பங்கு. விருத்தாசலத்தில் ஒரு வார்டுக்கு சராசரி சுமார் 2,200 பேர்தான்.

இதை வைத்துப் பார்த்தால் நம்ம கவுன்சிலர் மக்களுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறார். டீக்கடையில் பிடித்துக் கேட்கலாம். கல்யாண வீட்டில் மடக்கலாம். 55,000 பேருக்கு ஒருவர் என்றால் அது நடக்காது. சிகாகோ கவுன்சிலருக்கு அலுவலகம், ஊழியர்கள் எல்லாம் உண்டு. புகார் சொல்ல நகரத்துக்கே பொதுவாக 311 என்று ஒரு நம்பர்.

ஆனா பணம் என்று வரும்போது கதை தலைகீழ். சிகாகோவில் ஒவ்வொரு கவுன்சிலருக்கும் ஆண்டுக்கு சுமார் 15 லட்சம் டாலர், நம்ம கணக்கில் 12 கோடி ரூபாய்க்கு மேல், தன் வார்டில் செலவழிக்க ஒதுக்கப்படுகிறது. அதை அங்கே 'மெனு மணி' என்கிறார்கள். ஹோட்டல் மெனு கார்டு மாதிரி ஒரு பட்டியல் இருக்கும். ஒரு தெருவுக்குத் தார் போட இவ்வளவு, விளக்குக் கம்பம் இவ்வளவு, வேகத்தடை இவ்வளவு. எது வேண்டும் என்று கவுன்சிலர் டிக் செய்யலாம். 49-வது வார்டில் 2009-இல் ஒரு படி மேலே போய், அந்தப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று வார்டு மக்களையே ஓட்டுப் போடச் சொன்னார் அப்போதைய கவுன்சிலர் ஜோ மூர்.

தமிழ்நாட்டில் ஒரு எம்.எல்.ஏ.வுக்கு முழுத் தொகுதிக்கும் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய்தான் தொகுதி மேம்பாட்டு நிதி. விருத்தாசலம் மாதிரி நகராட்சியில் கவுன்சிலர் தன் விருப்பப்படி ஒரு தொகையை எழுதிக் கொடுக்க முடியாது. மன்றக் கூட்டத்தில் கேட்க வேண்டும், தீர்மானத்தில் சேர்க்க வேண்டும், நிதி இருக்க வேண்டும், டெண்டர் விட வேண்டும். "சொல்லியிருக்கேன்க்கா, லிஸ்ட்ல இருக்கு" என்று அவர் சொல்வது பல நேரம் சமாளிப்பு இல்லை, உண்மை நிலவரமே அதுதான்.

அதிகாரம் நிறைய இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. சிகாகோவில் 2008-இல் நகரத்தின் பார்க்கிங் மீட்டர்களை 75 வருஷத்துக்குத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டார்கள். கிடைத்தது சுமார் 115 கோடி டாலர். கவுன்சிலர்கள் சில நாட்களிலேயே ஓட்டுப் போட்டு நிறைவேற்றிவிட்டார்கள். அடுத்து பார்க்கிங் கட்டணம் ஏறியபோது மக்கள் கொதித்தார்கள். குத்தகை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதே ஊரில் 1979-இல் கடும் பனி கொட்டியது. தெருவில் பனியை அள்ளுவதில் நிர்வாகம் சொதப்பியது. அடுத்த மாதமே நடந்த கட்சி உட்தேர்தலில் மேயர் மைக்கேல் பிலான்டிக், ஜேன் பைர்னிடம் தோற்றார். பைர்ன் சிகாகோவின் முதல் பெண் மேயர் ஆனார். தெருவை ஒழுங்காக வைத்திருக்கவில்லை என்றால் பதவி போகும் என்று அங்கே இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்கள். இங்கே மழைநீர் வடியவில்லை என்று ஒரு சேர்மன் பதவி இழக்க வாய்ப்பே இல்லை. அவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவே இல்லையே!

எந்தப் புகார் எங்கே?

தெரு லைட் நகராட்சி. ஆனா கம்பமும் மின்சாரமும் மின்வாரியம். பல்பு போனால் நகராட்சியில் சொல்ல வேண்டும். கம்பம் சாய்ந்தாலோ வயர் தொங்கினாலோ மின்வாரியத்தில் சொல்ல வேண்டும்.

ரோடு விஷயத்தில் இன்னும் சிக்கல். உள்தெருக்கள் நகராட்சியுடையவை. ஆனா கடலூரிலிருந்து சின்னசேலம் போகிற சாலை ஊரின் நடுவே போனாலும் அது நெடுஞ்சாலை. அதில் பள்ளம் என்றால் கவுன்சிலர் வீட்டு வாசலில் நின்று பயன் இல்லை. நெடுஞ்சாலைத் துறைதான் பார்க்க வேண்டும். அந்தச் சாலை ஓரத்துச் சாக்கடை யாருடையது என்று இரண்டு அலுவலகங்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வது எல்லா ஊரிலும் நடக்கிற கூத்து.

குப்பை, குடிநீர், சொத்து வரி, பிறப்பு - இறப்புச் சான்று, கட்டட அனுமதி, பஸ் ஸ்டாண்ட், தினசரி மார்க்கெட் எல்லாம் நகராட்சி. பட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று தாலுகா அலுவலகம். ரேஷன் கார்டு வட்ட வழங்கல் அலுவலகம்.

மணிமுத்தாறுதான் எல்லோருக்கும் சொந்தம், யாருக்கும் சொந்தமில்லை. ஆறு நீர்வளத்துறையின் பொறுப்பு. அதில் கலக்கிற கழிவுநீர் ஊரிலிருந்து வருவதால் நகராட்சியின் பொறுப்பு. மாசு என்று பார்த்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மாசி மகம் வந்தால் சுற்றுப்பட்ட ஜனமே ஆற்றங்கரைக்கு வரும், முன்னோர்களுக்குத் திதி கொடுக்கும். அதற்கு முன்னால் கரை சுத்தமாகும். மகம் முடிந்த பிறகு யார் பார்ப்பது என்பதில்தான் எல்லாப் புகாரும் நிற்கிறது.

இந்த ஆற்றுக்கு ஒரு பழங்கதை உண்டு. சுந்தரர் இங்கே கிடைத்த 12,000 பொற்காசை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் போய் எடுத்தாராம். 'ஆத்துல போட்டுட்டுக் குளத்துல தேடுறது' என்ற பழமொழிக்கும் இந்தக் கதைக்கும் முடிச்சுப் போடுவார்கள். நகராட்சி நிதி விஷயத்தைப் பார்த்தால் இந்தக் கதைதான் ஞாபகத்துக்கு வரும். ஊரில் வசூலாகிற பெரிய வரிகள் மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் போய்விடுகின்றன. அங்கிருந்து மானியமாகவும் திட்டமாகவும் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஊரில் வேலை நடக்கும்.

நகராட்சி நேரடியாக வசூலிக்கிற முக்கியமான வரி சொத்து வரி. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு இதை உயர்த்தியது. நகராட்சிப் பகுதிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கிற வீடுகளுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம். ஓட்டுப் போட்டுக் கவுன்சிலர்கள் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, முதல் பெரிய வேலையே வரி உயர்வுக்குத் தீர்மானம் போடுவது! திட்டு வாங்கியது அவர்கள், முடிவெடுத்தது சென்னை.

வரி கட்டுகிறவர்களுக்கு ஒரு தகவல்: அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. அதிகபட்சம் 5,000 ரூபாய்.

எம்.எல்.ஏ அரசியல் ஏன் இவ்வளவு பிரபலம்?

நகராட்சித் தேர்தல் பற்றி வெளியூரில் யாருக்கும் தெரியாது. ஆனா சட்டமன்றத் தேர்தல் என்றால் விருத்தாசலம் தமிழ்நாடு முழுக்க தெரிகிற பெயர். காரணம் விஜயகாந்த்.

2005 செப்டம்பரில் மதுரையில் தேமுதிகவைத் தொடங்கினார். அடுத்த வருஷமே சட்டமன்றத் தேர்தல். கூட்டணி இல்லை, தனித்துப் போட்டி. மதுரைக்காரர், சென்னையில் வாழ்கிறவர், தேர்ந்தெடுத்தது விருத்தாசலத்தை. 2001-இல் பாமக வென்ற தொகுதி அது. பாமகவின் கோட்டை என்று சொல்லப்பட்ட இடத்திலேயே போய் நின்று ஜெயித்தார். அந்தத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க அவர் கட்சிக்குக் கிடைத்த ஒரே இடம் விருத்தாசலம்தான். 2010-இல் அவரே இயக்கி நடித்த படத்துக்கு 'விருதகிரி' என்று பெயர் வைத்தார். இந்த ஊர் சாமியின் பெயர் விருத்தகிரீஸ்வரர்.

ஆனா 2011-இல் அவர் ரிஷிவந்தியத்துக்குப் போய்விட்டார். விருத்தாசலத்தில் அவர் கட்சியின் முத்துக்குமார் வென்றார். 2016-இல் அதிமுகவின் கலைச்செல்வன். 2021-இல் காங்கிரஸின் எம்.ஆர்.ஆர்.ராதாகிருஷ்ணன், பாமக வேட்பாளரை ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். அதே தேர்தலில் பிரேமலதா விஜயகாந்த் இங்கே நின்று மூன்றாம் இடத்துக்குப் போனார், டெபாசிட்டும் போனது. 2006 முதல் 2021 வரை நாலு தேர்தல், நாலு எம்.எல்.ஏ, மூன்று கட்சிகள். ஒருத்தருக்கும் இரண்டாவது வாய்ப்பு கிடைக்கவில்லை.

ஸ்டார் தொகுதி என்பதால் பெரிய கூட்டங்களுக்குக் குறைவில்லை. 2016 ஏப்ரலில் முதலமைச்சர் ஜெயலலிதாவின் பிரச்சாரப் பொதுக்கூட்டம் இங்கே நடந்தது. உச்சி வெயில். மணிக்கணக்கில் காத்திருந்த கூட்டத்தில் இரண்டு பேர் உயிரிழந்தார்கள், பலர் மயங்கி விழுந்தார்கள். பஸ்ஸிலும் வேனிலும் ஆட்களை ஏற்றிவந்து காலையிலேயே உட்கார வைப்பது எல்லாக் கட்சியும் செய்கிற வேலை. கட்சிக் கூட்டத்துக்குக் கூலிக்குப் போகிற கிராமத்துப் பெண்களை வைத்து இமையம் 'வாழ்க வாழ்க' என்று ஒரு குறுநாவலே எழுதியிருக்கிறார். செய்தியில் 'கூட்டம் அலைமோதியது' என்று ஒரு வரியில் முடிகிற விஷயம், உள்ளே போய்ப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அதைப் படிக்கலாம்.

நெய்வேலிச் சுரங்கமும் இந்தப் பக்கத்து அரசியலை விட்டுப் போவதில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் இயந்திரத்தை இறக்கிக் கால்வாய் வெட்டிய காட்சியை எல்லோரும் பார்த்தார்கள். அதைக் கண்டித்து நெய்வேலியில் பாமக நடத்திய போராட்டம் வன்முறையில் முடிந்தது. பீங்கானுக்கு மண் கொடுத்த அதே சுரங்கம், விவசாயிக்கு நிலத்தைப் பறிக்கிற சுரங்கம்.

தனி மாவட்டம் கேட்பது ஏன்?

கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டுமென்றால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். இடம் கடலூர். விருத்தாசலத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். ஊருக்கு மேற்கே தொழுதூர் பக்கத்துக்காரர் என்றால் நூறு கிலோமீட்டர் அளவுக்குப் போக வேண்டும். ஒரு நாள் கூலி போச்சு, பஸ் செலவு தனி. கொடுக்கிற மனுவும் பல நேரம் 'உரிய நடவடிக்கைக்கு' என்று எழுதப்பட்டு மறுபடி விருத்தாசலத்துக்கே திரும்பி வரும். கொளஞ்சியப்பர் கோயிலில் கிலோமீட்டர் கணக்கில் காசு வாங்குகிறார்கள் என்று சிரிக்கிறோம். இங்கேயும் அதே கணக்குதான், ரசீது மட்டும் கிடையாது.

அதனால்தான் விருத்தாசலத்தைத் தலைமையிடமாக வைத்து மேற்குப் பகுதியைத் தனி மாவட்டமாக்க வேண்டும் என்ற கோரிக்கை ரொம்ப நாளாக இருக்கிறது. இதற்கு முன்னால் ஒரு பிரிவு நடந்திருக்கிறது. 1993-இல் பழைய தென்னாற்காடு மாவட்டம் பிரிந்து கடலூர், விழுப்புரம் என்று இரண்டானது. 2019-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. அதே வருஷம் தென்காசி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டும், 2020-இல் மயிலாடுதுறையும் வந்தன. தமிழ்நாட்டில் மொத்தம் 38 மாவட்டம் ஆனது. விருத்தாசலம் அந்தப் பட்டியலில் வரவில்லை. கள்ளக்குறிச்சிக்குக் கிடைத்தது எங்களுக்கு ஏன் இல்லை என்ற கேள்வி அன்றிலிருந்து இன்னும் சத்தமாகக் கேட்கிறது.

மாவட்டமானால் கலெக்டர் அலுவலகம் வரும், எஸ்.பி. அலுவலகம் வரும், வாடகை ஏறும், நிலத்து விலை ஏறும். பீங்கான் தொழில் திரும்பி வருமா என்றால், அதற்கும் மாவட்டத்துக்கும் நேரடியான தொடர்பு இல்லை. கோரிக்கை வைக்கிறவர்களில் வியாபாரிகளும் வழக்கறிஞர்களும் முன்னால் நிற்பதற்கும், தொழிற்பேட்டைத் தொழிலாளி பின்னால் நிற்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

ஏரியா சபை என்றால் என்ன?

கிராமத்தில் கிராம சபை இருக்கிற மாதிரி நகரத்தில் ஒன்றுமே இல்லை என்ற குறை ரொம்ப வருஷமாக இருந்தது. 1993-இல் அமலுக்கு வந்த 74-வது அரசியல் சாசனத் திருத்தம், 3 லட்சம் பேருக்கு மேல் இருக்கிற நகரங்களுக்கு மட்டும்தான் வார்டு கமிட்டியைக் கட்டாயமாக்கியது. விருத்தாசலம் அந்தக் கணக்கில் வராது. 2022-இல் தமிழ்நாடு அரசு தனி விதிகள் கொண்டுவந்து நகராட்சிகளுக்கும் இதை விரிவாக்கியது. வார்டைச் சின்னச் சின்ன ஏரியாக்களாகப் பிரித்து, அந்தப் பகுதி வாக்காளர்கள் கூடிப் பேச வேண்டும், கவுன்சிலர் தலைமை தாங்க வேண்டும். முதல் கூட்டங்கள் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நடந்தன.

கூட்டத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. நாற்காலி போட்டு, பேனர் கட்டி, போட்டோ எடுத்து முடிகிற கூட்டங்களும் உண்டு. ஆனா அங்கே வைக்கப்படுகிற கோரிக்கை பதிவேட்டில் ஏற வேண்டும் என்பது விதி. டீக்கடையில் சொன்னது காற்றோடு போய்விடும். பதிவேட்டில் ஏறியதை அடுத்த கூட்டத்தில் "போன தடவை சொன்னது என்னாச்சு?" என்று எடுத்துக் கேட்கலாம். உங்கள் வார்டில் அடுத்த ஏரியா சபை எப்போது, எந்த இடத்தில் என்பதை நகராட்சி அலுவலகத்திலோ கவுன்சிலரிடமோ கேட்டால் சொல்வார்கள். போகும்போது புகாரை வாயால் சொல்லாமல் தாளில் எழுதி, இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளலாம்.